தேனீக்கு பிரேம் போட்ட கடை

பஷீர் பாய் ஊதுபத்திகளைக் கொத்தாகக் கொளுத்தி, ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மூங்கில் குழாயில் செருகிவிட்டு, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு வேகமாக உள்ளே வந்தார்.

ஆய்வுக்கூட ஜன்னலில் பொருத்தியிருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் புகை மெல்ல நிறைந்தது. அவர் கண்ணாடியின் ஓரங்களில் முகத்தைக் கிட்டே கொண்டுபோய், உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தார். ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் பெஞ்சுகளுக்குப் பின்னால் நின்றார்கள்.

இடது பக்கக் கீழ் மூலையில் நூல் போல ஒரு புகை இழை வெளியே வந்தது.

"தோ, வருது பாருங்க" என்றார் பாய். சலித்துக்கொள்ளவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். இடுக்கை அடைக்க மறுபடி மக்கு பூச உட்கார்ந்தார்.

அவருடைய மகள் சம்சாத், துப்பட்டாவால் தலையையும் கழுத்தையும் இறுக்கிச் சுற்றிக்கொண்டு கதவருகே நின்றாள். அந்தப் பெட்டியின் ஒவ்வொரு கோடும் அவள் வரைந்தது. அதில் குடிவரப் போகும் தேனீக்களில் ஒன்று கொட்டினால் போதும், அவள் உயிருக்கே ஆபத்து.

இப்படி ஒரு காரியத்தில் நாங்கள் எல்லோரும் எப்படி வந்து நின்றோம் என்று சொல்ல, கொஞ்சம் முன்னால் போக வேண்டும்.

இரவல் போகும் பீரியட்

எண்பதுகளில் செஞ்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் டிராயிங் டீச்சர். டிராயிங் பீரியட் என்பது யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிக்கொள்ளக் கூடியது. கணக்கில் பாடம் முடியவில்லையா, டிராயிங் பீரியட். தடுப்பூசி போட வருகிறார்களா, டிராயிங் பீரியட். நானும் சிரித்துக்கொண்டே கொடுத்துவிடுவேன். மறுக்கிற டிராயிங் டீச்சரை யாரும் பார்த்ததில்லை.

அறிவியலுக்குப் புதிதாக வந்த வசந்தா டீச்சர்தான் என் பீரியடை மட்டும் கேட்காமல் என்னையும் சேர்த்துக் கேட்டவர். மார்த்தாண்டத்துக்காரர். அங்கே வீட்டு முற்றத்தில் கோழி மேய்கிற மாதிரி தேனீப் பெட்டிகள் நிற்குமாம். அவர் பேசுகிற தமிழைக் கேட்டு எங்கள் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவர் அதைப் பார்த்துத் தானும் சிரிப்பார். பஸ் பிடித்தால் மறுநாள் போய்ச் சேரும் ஊரிலிருந்து தனியாக வந்து, கடைத்தெருவுக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருந்தார்.

வராந்தாவின் கடைசி அறை எனக்கு. அதில் சுவரோடு பதித்த ஓர் அலமாரி. சார்ட் தாள்களைச் சுருட்டி அதில்தான் வைப்போம். பொங்கல் விடுமுறை முடிந்து வந்து திறந்தபோது உள்ளே 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம். வென்டிலேட்டர் ஓட்டை வழியாகத் தேனீக்கள் வந்து, இந்திய வரைபடத்துக்கும் பூக்களின் பாகங்களுக்கும் நடுவே வரிசையாக அடை கட்டியிருந்தன.

நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே ஓடி வந்தேன். வசந்தா டீச்சர் உள்ளே போய்க் கதவில் காதை வைத்துக் கேட்டார். வீட்டிலிருந்து யாரோ வந்த மாதிரி இருந்தது அவர் முகம்.

மலைமேல் இருப்பவை

செஞ்சியில் தேனீ என்றால் ஓடுவதுதான் வழக்கம். அதற்குக் காரணமும் உண்டு. கோட்டை இருக்கும் ராஜகிரி மலையின் செங்குத்துப் பாறைகளிலும் பழைய கோட்டைக் களஞ்சியத்தின் வளைவுகளிலும் மலைத்தேனீ பெரிய முறம் முறமாகத் தொங்கும். சுற்றுலா வந்த எவனாவது கல்லெறிவான். அவ்வளவுதான். ஒருமுறை ஒரு பஸ் கூட்டமே படிகளில் விழுந்தடித்துக்கொண்டு இறங்கி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். முந்தானையால் தலையை மூடிய பெண்கள், செருப்பை விட்டுவிட்டு வந்த பெரியவர்கள், டீக்கடைக்காரர் அவர்களை உள்ளே இழுத்துக்கொண்டு ஷட்டரை இறக்கியது எல்லாம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

"இது அது இல்ல" என்றார் வசந்தா டீச்சர் பெண்களிடம். "இது அடுக்குத் தேனீ. இருட்டுல குடும்பம் நடத்துற ஜாதி. பயப்படாண்டாம். கைய வீசாண்டாம். அது வழியில அது போவும்."

அந்த 'பயப்படாண்டாம்' ஒரு வாரம் பள்ளி முழுக்க ஓடியது.

அவருடைய பீரியடையும் என்னுடையதையும் சேர்த்தோம். முதல் நாளே அவர் என் கரும்பலகைப் படத்தைப் பார்த்துத் தலையைச் சாய்த்தார். நான் தேனீக்கு இரண்டு சிறகு போட்டிருந்தேன். நான்கு என்றார். ஆறு கால்களும் நெஞ்சிலிருந்துதான் புறப்பட வேண்டும் என்றார். என் பங்குக்கு, அவருடைய ரிக்கார்டு நோட்டுப் படங்களில் எந்தப் பூச்சிக்கும் உயிரே இல்லை என்று நான் சொன்னேன். அன்றிலிருந்து நாங்கள் நல்ல சிநேகிதிகள்.

அடையின் ஒவ்வொரு அறைக்கும் ஏன் ஆறு பக்கம் என்று பெண்கள் கேட்டார்கள். கையில் இருந்த வளையல்களைக் கழற்றி மேஜையில் நெருக்கி வைக்கச் சொன்னேன். வளையலுக்கும் வளையலுக்கும் நடுவே சந்து விழுந்தது. அப்புறம் தாளைச் சுருட்டி ஒட்டிச் சின்னச் சின்ன வளையங்கள் செய்து, ஒரு கட்டாக்கி நான்கு பக்கமும் அழுத்தச் சொன்னேன். சந்துகள் மூடிக்கொண்டன. பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு வளையமும் ஆறு பக்கமாகியிருந்தது.

இன்னொரு நாள் வராந்தாவில் வர்ணம் தீட்டிய அட்டைகள்மேல் சர்க்கரைத் தண்ணீர் வைத்தோம். சிவப்பும் கறுப்பும் தேனீக்கு ஒன்றுதான் என்று தெரிந்ததும் பெண்களுக்குத் தாங்கவில்லை. அவ்வளவு ஆசையாகச் சிவப்பு அடித்தவர்கள் பலர்.

சம்சாத் அதிகம் பேச மாட்டாள். ஆனால் கை பேசும். அவள் அப்பா பஷீர் பாய் கடைத்தெருவில் படங்களுக்கு பிரேம் போடும் கடை வைத்திருந்தார். அமாவாசைக்கு முன்னால் அங்காளம்மன் படங்கள் கடை வாசலில் அடுக்கி நிற்கும். மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸுக்குப் போகிறவர்கள் வாங்கிப் போவார்கள். அவர் போடும் பிரேமில் மூலைகள் சேரும் இடத்தில் சந்தே தெரியாது. மகளும் அப்படித்தான். அவள் வரைந்த அடையில் ஒரு கோடு இன்னொன்றைத் தாண்டாது.

அந்தப் புதன்கிழமை

சம்சாத் அலமாரிக்கு எதிர்ப்புறம்தான் உட்கார்ந்திருந்தாள். ஒரு தேனீ வழி தவறி அவளுடைய சட்டைக் கைக்குள் புகுந்துவிட்டது. ஏதோ ஊர்கிறது என்று தெரியாமல் அழுத்தியிருக்கிறாள். கொட்டிவிட்டது.

எங்களில் பலரைக் கொட்டியிருக்கிறது. வசந்தா டீச்சர் நகத்தால் கொடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, வலி போய்விடும் என்றார். ஆனால் கொஞ்ச நேரத்தில் சம்சாத்தின் உதடு வீங்கியது. பிறகு கண்ணிமை. கழுத்தெல்லாம் திட்டுத் திட்டாகத் தடித்தது. "டீச்சர், தொண்ட அடைக்குது" என்றாள். அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை.

வசந்தா டீச்சர் அவளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். கோட்டை பார்க்க வந்த ஒரு குடும்பத்தின் வாடகைக் காரை நான் நடுரோட்டில் நின்று மறித்தேன். ஒரு வார்த்தை கேட்காமல் அவர்கள் இறங்கி இடம் கொடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். மூச்சு சீராக வெகுநேரம் ஆனது. சிலருக்குத் தேனீயின் விஷம் இப்படி ஒத்துக்கொள்ளாது, அடுத்த தடவை கொட்டினால் இங்கே கொண்டு வந்து சேர்க்க நேரம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். பஷீர் பாய் கைலியோடு, கையில் மரத்தூளோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் தலைமை ஆசிரியை அறையில் அவர் உட்காரவில்லை.

"இன்னொரு தபா கொட்டினா பொண்ணு இல்லன்றாரு டாக்டரு" என்றார். "எனக்குப் பூச்சி மேல கோவம் இல்லீங்க. ஆனா அது இருக்கிற எடத்துக்கு என் பொண்ண அனுப்ப முடியாது."

நானும் வசந்தா டீச்சரும் அங்கேதான் நின்றிருந்தோம். தலைமை ஆசிரியை இரக்கமுள்ளவர். ஆனால் முந்நூறு பெண்களுக்குப் பொறுப்பானவர். சனிக்கிழமை பள்ளி விட்டதும் வாட்ச்மேன் பந்தம் கொளுத்திக் கூட்டை எரித்துவிடட்டும் என்று சொல்லிவிட்டார். வசந்தா டீச்சர் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார். வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு, மார்த்தாண்டத்தில் யாரும் கூட்டுக்குத் தீ வைக்க மாட்டார்கள் என்று மட்டும் சொன்னார்.

அடி பம்ப்பின் அருகே

வெள்ளிக்கிழமை சம்சாத் வந்தாள். வகுப்புக்கு வரவில்லை. அடி பம்ப்புக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, ஒரு சிறுமியை அனுப்பி என்னைக் கூப்பிட்டாள். இமையில் வீக்கம் இன்னும் மிச்சமிருந்தது. பேசும்போது கண் காற்றில் எதையோ தேடிக்கொண்டே இருந்தது. ஒரு ஈ பறந்தது. உடம்பு முழுவதும் தூக்கிப் போட்டது அவளுக்கு.

"எனக்காண்டி அதுங்கள கொளுத்த வேணாம் டீச்சர்" என்றாள்.

பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"பயமாத்தான் இருக்குது. ராத்திரி ஜன்னல்கூட தொறக்கிறதில்ல. ஆனா நான்தான் கைய அழுத்திட்டேன். அது உள்ள மாட்டிக்கிச்சு. கொட்டிட்டு அதுவும் செத்துப்பூடுச்சி. மீதிய வேற எதுக்குக் கொளுத்தணும்?"

நான் அவளை அங்கேயே நிறுத்திவிட்டு வசந்தா டீச்சரை அழைத்து வந்தேன். அவர் பம்ப் மேடையில் உட்கார்ந்தார். பிறகு தன் ஊரில் ஒருவர் வீட்டில் பார்த்த ஒரு பெட்டியைப் பற்றிச் சொன்னார். இரண்டு பக்கமும் கண்ணாடி, நடுவில் அடை. அதை ஜன்னலில் பதித்து, போக வர ஒரு குழாயை வெளிப்பக்கம் விட்டால், தேனீ அறைக்குள் வரவே வராது. ஆய்வுக்கூடத்தின் பின் ஜன்னலுக்கு அப்பால் முள்வேலி. வேலிக்கு அப்பால் வேர்க்கடலை போட்ட மணிலாக் கொல்லை. பெண்கள் நடமாடாத பக்கம்.

தலைமை ஆசிரியை பந்தத்தைத் தள்ளிப்போட ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. பஷீர் பாய் தன் வாயால் சரி என்று சொல்ல வேண்டும்.

பெட்டியை யார் வரைவது என்று நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே சம்சாத் கேட்க ஆரம்பித்துவிட்டாள். அடை எவ்வளவு தடிமன்? கண்ணாடிக்கும் அடைக்கும் நடுவே எவ்வளவு இடம் விட வேண்டும்? அதிகமாக விட்டால் அங்கேயும் அடை கட்டிக் கண்ணாடியை மறைத்துவிடும், குறைத்தால் உடம்பைத் திருப்ப முடியாது என்றார் வசந்தா டீச்சர். எவ்வளவு என்று கையால் காட்டத் தெரியாமல் என் பென்சிலை வாங்கி நீட்டினார். ஒரு பென்சில் நுழைகிற இடம். அவள் அந்தப் பென்சிலை வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

பாய் கேட்ட கேள்வி

அடுத்த வாரம் பஷீர் பாய் பள்ளிக்கு வந்தார். கையில் மகள் வரைந்த படம். முன்பக்கம், பக்கவாட்டு, மேலிருந்து பார்த்தால் எப்படி என்று மூன்றும் போட்டிருந்தாள். அவர் அதை என் மேஜையில் விரித்து, சுருளாமல் இருக்க நான்கு மூலையிலும் சாக்பீஸ் டப்பாக்களை வைத்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"படம் நல்லாத்தான் இருக்குது" என்றார். "கண்ணாடி எத்தினி கனம்னு போடலியே?"

அவரே சொன்னார். வீட்டில் ஈ பறந்தாலும் மகள் அலறுகிறாள். பின்கட்டுக்கு வருவதில்லை. துணி காயப்போட மாடிக்குப் போவதில்லை. டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்தார், இதற்கு எழுதவில்லை. இந்தப் படத்தைப் போடும்போது மட்டும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள் என்றார்.

"ஆயுசு பூரா பயந்துகினே இருக்க முடியுமா டீச்சர்? கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னாவது பாக்கட்டும். ஆனா நான்தான் மாட்டுவேன். ஒரு எடத்துல பொக கசிஞ்சாலும் கழட்டிடுவேன்."

அப்படித்தான் அந்த ஊதுபத்தி வந்தது. மக்கு காய விட்டு, மறுபடி புகை போட்டு, மறுபடி தடவிப் பார்த்தார். மூன்றாவது முறை புகை குழாய் வழியாக மட்டுமே திரும்பிப் போயிற்று. அவர் கையைத் துடைத்துக்கொண்டு தலைமை ஆசிரியையைப் பார்த்து, சரிங்க என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளியில் ஒரு மாணவியும் இல்லாதபோது, வசந்தா டீச்சர் தேங்காய் மட்டையில் புகை மூட்டி அலமாரியைத் திறந்தார். அடைகளை அறுத்து, மரச் சட்டங்களில் வாழை நாரால் கட்டி, பெட்டியின் மேல்மூடி வழியாக உள்ளே இறக்கினார். ராணியை ஒரு தீப்பெட்டிக்குள் பிடித்துப் பெட்டியில் விட்டார். அவள் போன இடத்துக்கு மற்றவையும் பின்னாலேயே போயின. நான் பக்கத்தில் நின்று சட்டங்களை எடுத்துக் கொடுத்து, கழுத்தில் இரண்டு கொட்டு வாங்கினேன்.

புங்க மரம்

பெட்டிக்கு இருட்டு வேண்டும் என்பதால் பழைய குடைத்துணிகளைச் சேர்த்துப் பெண்கள் ஒரு திரை தைத்தார்கள். திரையைத் தூக்கினால் உள்ளே ஒரு ஊர். முதல் நாள் சம்சாத் கதவருகே நின்றாள். சில நாளில் கடைசி பெஞ்ச். அப்புறம் நடு பெஞ்ச். யாரும் அவளைக் கூப்பிடவில்லை; வசந்தா டீச்சர் கூப்பிடக் கூடாது என்று சொல்லியிருந்தார். மாசி மாதம் முடிவதற்குள் மூக்கு கண்ணாடியில் படும்படி நின்றாள்.

தேனீயின் ஆட்டத்தைப் பற்றி வசந்தா டீச்சர் சொன்னது அப்போதுதான். பூ இருக்கும் இடத்தைப் பார்த்து வந்த தேனீ, அடையின்மேல் வயிற்றை ஆட்டிக்கொண்டு ஒரு கோட்டில் ஓடும். சுற்றி வந்து மறுபடி அதே கோட்டில் ஓடும். கோடு நேர் மேலே போனால் சூரியன் இருக்கும் திசையில் பூ. எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு சூரியனிலிருந்து விலகி. பெண்கள் பாதி நம்பினார்கள். எனக்கே பாதிதான்.

சம்சாத், கடையில் கண்ணாடியில் கோடு போடும் வெள்ளைப் பென்சிலைக் கொண்டுவந்தாள். ஒரு தேனீ ஆட, அவள் அதன்மேல் கண்ணாடியில் கோடு இழுத்தாள். கோணமானியை வைத்தாள். மாலை நேரம். ஒரு பெண் வெளியே போய் சூரியன் எங்கே என்று பார்த்து வந்து சொன்னாள். சம்சாத் தாளில் கணக்குப் போட்டுக் கையை நீட்டினாள்.

"சிங்கவரம் போற பக்கம்" என்றாள். "ரோட்டுக்கு இந்தாண்ட."

அவளால் போக முடியாது. அங்கே ஆயிரக்கணக்கில் இருந்தால்? மற்றவர்கள் கூட்டமாகக் கிளம்பினார்கள். வசந்தா டீச்சரும் கூடப் போனார். நானும் சம்சாத்தும் ஆய்வுக்கூடத்தில் காத்திருந்தோம். அவள் கண்ணாடியைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். தப்பாக இருந்தால் எல்லோரும் சிரிப்பார்களா என்று கேட்டாள். தப்பாக இருந்தால் திரும்ப அளக்கலாம் என்றேன்.

முதலில் ஓடிவந்தவள் சிங்கவரத்திலிருந்து தினம் சைக்கிளில் வரும் குமுதா. பாவாடையெல்லாம் புழுதி. கையில் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகப் பூத்த ஒரு புங்கங்கொத்து.

"வாய்க்கா ஓரம் பெரிய புங்க மரம் டீச்சர். தினம் அது கீழதான் போறேன், வர்றேன். இன்னைக்கித்தான் நின்னு கேட்டேன். மரம் பூரா சத்தமா இருக்குது" என்றாள். பிறகு கொத்தை சம்சாத்திடம் நீட்டப் போனவள் சட்டென்று நிறுத்தி, பூவைத் திருப்பித் திருப்பி உதறி, ஒவ்வொரு இதழாகப் பார்த்து, ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு கொடுத்தாள்.

சம்சாத் அழுதது எனக்குத் தெரிந்து அந்த ஒருமுறைதான். ஆஸ்பத்திரியில்கூட அழவில்லை.

ஜூன் மாதம்

கோடை விடுமுறை முடிந்து ஆய்வுக்கூடத்தைத் திறந்தபோது பெட்டி காலியாக இருந்தது. அந்த வருடம் ஏரி வறண்டிருந்தது. எங்கும் ஒரு பூ இல்லை. பூ இல்லாத இடத்தில் அவை இருக்காது, கிளம்பிப் போயிருக்கும் என்றார் ஊரிலிருந்து திரும்பியிருந்த வசந்தா டீச்சர். அடைகள் மட்டும் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கின.

பெண்கள் திரையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். எனக்கு மறுபடி என் பீரியடைக் கணக்கு டீச்சரிடம் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று தோன்றியது.

கண்ணாடியைக் கழற்ற பஷீர் பாய் வந்தார். நல்ல கண்ணாடி, வேறு படத்துக்கு ஆகும். ஆணிகளைப் பிடுங்கி, மக்கைச் சுரண்டி, இரண்டு கையாலும் தூக்கி எடுத்தார். உள்ளே எதுவும் இல்லை என்று குனிந்து, குழாய் வரைக்கும் பார்த்துவிட்டு, மகளைக் கூப்பிட்டார்.

சம்சாத் வந்தாள். முதலில் ஒரு விரல். பிறகு உள்ளங்கை முழுவதையும் அடையின்மேல் வைத்தாள். அத்தனை மாதம் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து வரைந்ததை அவள் தொடுவது அதுதான் முதல்முறை. அறைகளின் விளிம்பில் விரலை ஓட்டிக்கொண்டே இருந்தாள்.

அடையை லேசாகத் தூக்கிப் பார்த்து, "எடையே இல்ல அத்தா" என்றாள் அப்பாவிடம்.

பாய் சிரித்தார். சாக்குத் துணியை உருட்டிக் குழாயின் வாயில் அடைக்கப் போனார். பல்லி, ஓணான் ஏதாவது வந்துவிடும் என்றார்.

"பைப்ப அடைக்காதீங்க" என்றாள் சம்சாத். கை இன்னும் அடையின்மேல்தான் இருந்தது. "மழ பேஞ்சா திரும்பி வந்தாலும் வரும். கண்ணாடிய மட்டும் போட்டுடுங்க."

அவர் மகளைப் பார்த்தார். பிறகு சாக்குத் துணியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் துடைக்க ஆரம்பித்தார்.